இயந்திரம் நம்முடையது, சாவி யாரிடம்?



அரசாங்கம் கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றித் தலையங்கமா, இதில் நமக்கென்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. முதலில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறோம். பிறகு நம் ஊருக்கு வருவோம்.

பிரிட்டனில் பெரும்பாலான தபால் நிலையங்களை அரசு ஊழியர்கள் நடத்துவதில்லை. மளிகைக் கடையோ பத்திரிகைக் கடையோ வைத்திருப்பவர், தம் கடைக்குள்ளேயே ஒரு கவுண்டரை ஒதுக்கி, தபால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தபால்தலை விற்பார். ஓய்வூதியம் பட்டுவாடா செய்வார். மக்கள் கட்டும் பணத்தை வரவு வைப்பார். சப் போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். நம் துணைக்கண்டத்திலிருந்து போய்க் குடியேறிய வியாபாரிகள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். சேமித்த பணத்தையெல்லாம் போட்டுக் கடையை வாங்கி, மாடியில் குடும்பம், கீழே வியாபாரம் என்று வாழ்பவர்கள்.

1999 முதல் இந்தக் கடைகளில் ‘ஹொரைசன்’ என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை பொருத்தப்பட்டது. செய்து கொடுத்தது ஐ.சி.எல். என்ற நிறுவனம். அதன் உரிமையாளர் ஜப்பானின் புஜிட்சு. அன்று தொடங்கியது சோதனை. மாலையில் கல்லாவை எண்ணினால் ஒரு தொகை. கம்ப்யூட்டர் காட்டுவது இன்னொரு தொகை. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தைக் கடைக்காரர்தான் கைக்காசு போட்டு ஈடுகட்ட வேண்டும்.

ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி ஒரு கிராமத்தில் கடை நடத்தியவர். 2,000 பவுண்டு குறைகிறது என்று உதவி எண்ணுக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்னபடி பொத்தானை அழுத்தினார். கண்ணெதிரே 2,000 என்பது 4,000 ஆனது! வீட்டை அடமானம் வைத்தார். ஊரார் வசூல் செய்து கொடுத்தார்கள். கடைசியில் பொய்க் கணக்கு எழுதியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் சிறைக்குப் போகாமல் தப்பினார். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிச் சகோதரிக்கு அந்தத் தப்பும் கிடைக்கவில்லை. 2010 நவம்பரில் வயிற்றில் பிள்ளையோடு 15 மாதத் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். போன் செய்து முறையிட்ட பலருக்கும் கிடைத்த பதில் ஒன்றே: உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை!

யாருக்கும் இல்லையா? 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 700 வழக்குகளைத் தபால் நிறுவனமே தொடுத்தது. கொள்ளையர் கூட்டமே ஒரே நேரத்தில் தபால் கவுண்டருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதா என்று ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை. திருடியவர்கள் மனிதர்கள் அல்ல, பிழை கம்ப்யூட்டரில் இருந்தது என்று லண்டன் உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆலன் பேட்ஸ் என்ற கடைக்காரர் 555 பேரைத் திரட்டி நடத்திய வழக்கு அது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தானது. 2024இல் மீதிப் பேரின் தண்டனையை ரத்து செய்ய நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை, குறைந்தது 13 பேர் இந்த வேதனையால் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது.

இனிமேல்தான் நம் விஷயத்துக்கு வருகிறோம். இது கம்ப்யூட்டர் செய்த தவறு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. எந்தக் கம்ப்யூட்டரிலும் பிழை வரும். பிழை வந்தால் யார் பார்ப்பது, யாரிடம் கேட்பது, யார் பொறுப்பு என்பதை வாங்கும்போதே எழுதாமல் விட்டார்களே, கேடு அங்கேதான் தொடங்கியது.

ஒப்பந்தம் 1996இல் போடப்பட்டது. அரசின் உதவித்தொகைத் துறையும் தபால் நிறுவனமும் கூட்டாக வாங்கின. பணத்தைத் தனியார் நிறுவனம் போடும். மக்கள் பயன்படுத்தப் பயன்படுத்தக் கட்டணமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. கஜானாவிலிருந்து உடனே காசு போகாது என்பதால் அமைச்சர்களுக்கு இனித்தது. 1999இல் உதவித்தொகைத் துறை பாதி வழியில் கழன்றுகொண்டது. உதவித்தொகை அட்டைக்காகக் கட்டத் தொடங்கிய ஒன்றை, மீதியை வைத்து ஒப்பேற்றித் தபால் கணக்குக்குப் பயன்படுத்தினார்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கடையில் நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையின் மூலப் பதிவும் புஜிட்சுவின் கையில் இருந்தது. தபால் நிறுவனம் அதைப் பார்க்க வேண்டுமானால் கோரிக்கை வைக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை கோரிக்கைதான் என்று ஒப்பந்தத்தில் அளவு இருந்தது. அதற்கு மேல் கேட்டால் தனிக்கட்டணம். குற்றம் சாட்டப்பட்ட கடைக்காரருக்கோ அதைப் பார்க்க வழியே இல்லை. அவருக்குத் தெரியாமலேயே புஜிட்சுவின் ஆட்கள் தூரத்திலிருந்து அவருடைய கணக்குக்குள் நுழைய முடிந்தது. அது முடியவே முடியாது என்று தபால் நிறுவனம் வருடக்கணக்கில் சாதித்தது.

நம் மஹல்லாவில் இப்படி நடந்தால் விடுவோமா? ஜமாஅத்தின் வரவு செலவுப் புத்தகத்தை எழுதச் சம்பளத்துக்கு ஒருவரை வைக்கிறோம். அவர் புத்தகத்தைத் தம் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு, வருடத்துக்கு நாலு தடவை காட்டுவேன், ஐந்தாவது தடவை கேட்டால் காசு கொடு என்கிறார். பெட்டியில் பணம் குறைந்தால் முத்தவல்லியைப் பிடித்துப் போலீசில் கொடுக்கச் சொல்கிறார். அந்த ஆளை அந்த ஜும்ஆவோடு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். சாதாரண மனிதன் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாத நிபந்தனையில் ஒரு வல்லரசு கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றால் என்ன சொல்வது!

சட்டமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. கம்ப்யூட்டர் தரும் ஆதாரத்தைக் கோர்ட்டில் வைக்குமுன் அது ஒழுங்காக ஓடியது என்று காட்ட வேண்டும் என்ற விதி பிரிட்டனில் இருந்தது. 1999இல் இயற்றப்பட்ட சட்டம் அதை நீக்கியது. இயந்திரம் சரியாகத்தான் ஓடியிருக்கும் என்று கோர்ட்டே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்றால் நீ நிரூபி! பதிவேடு முழுவதும் எதிராளியிடம் இருக்கும்போது எதை வைத்து நிரூபிப்பது? (நம் நாட்டில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கும் விதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது என்பது ஓர் ஆறுதல்.)

இத்தனைக்குப் பிறகாவது அந்த முறையைத் தூக்கி எறிந்தார்களா? முடியவில்லை. மாற்றாகக் கட்டத் தொடங்கிய புதிய அமைப்பு செலவு ஏறித் தடுமாறியது. புஜிட்சுவுடனான ஒப்பந்தம் மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டு 2025இலும் ஓடிக்கொண்டிருந்தது. மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுத்த நஷ்டஈடு 2025 நடுப்பகுதிக்குள் 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. உள்ளே போகும் வழியை மட்டும் எழுதி, வெளியே வரும் வழியை எழுதாத ஒப்பந்தத்துக்குக் கொடுத்த விலை இது.

சரி, இங்கிலாந்துக்காரன் ஏமாந்தான், நமக்கென்ன என்கிறீர்களா?

நம் வீட்டில் ஒரு கிரைண்டர் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விலையை மட்டுமா கேட்கிறோம்? கல் தேய்ந்தால் கிடைக்குமா, மோட்டார் போனால் எங்கே காட்டுவது, பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் பர்ஸைத் திறக்கிறோம். அரசாங்கம் வாங்கும்போது மட்டும் அநேகமாக ஒரே கேள்விதான்: யார் விலை குறைவு? காண்ட்ராக்ட் எடுக்கும் சகோதரர்கள் இதை ‘எல்-1’ என்பார்கள். தகுதிச் சுற்றில் தேறியவர்களில் குறைந்த விலை போட்டவனுக்கு வேலை. ஊழலைத் தடுக்க வந்த விதி இது, அதை நாம் மறுக்கவில்லை. அதிகாரி தம் இஷ்டத்துக்கு ஆளைப் பொறுக்க முடியாது. ஆனால் ஆணிக்கும் அரிசிக்கும் பொருந்துகிற விதி கம்ப்யூட்டருக்குப் பொருந்துமா? ஆணியை அடித்தால் முடிந்தது. கம்ப்யூட்டரை வாங்கிய பிறகுதான் செலவே ஆரம்பமாகிறது. மத்திய நிதி அமைச்சகமே 2021 அக்டோபரில், கட்டுமானப் பணிகளிலும் சேவைகளிலும் விலையோடு தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று வழிவிட்டது. குறைந்த விலை மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எல்காட் நிறுவனத்தின் மூலம் வாங்கி, அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் கையில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தது அதனால்தான்! 2025 மார்ச் பட்ஜெட்டிலும் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்து, முதல் தவணையாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆனால் வாரண்டி முடிந்த பிறகு முதல் 50 லட்சத்தின் கதி என்ன? பேட்டரி உப்பியது எத்தனை, திரை போனது எத்தனை, காயலான் கடைக்குப் போனது எத்தனை? கொடுத்த கணக்கைப் பெருமையாகச் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கும் கணக்கை யாரும் சொல்வதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்காகப் போன ஊரில், பள்ளிக்கூடம் ஒன்றில் பூட்டிய அறையைக் காட்டினார் ஆசிரியர். உள்ளே பதினைந்து கம்ப்யூட்டர்கள், தூசு மூடி. “வாங்கறதுக்கு பண்டு வந்துச்சு பாய், பேட்டரி மாத்தறதுக்கு வரலை. தூக்கிப் போடவும் முடியாது, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கு. கண்டம் பண்ண மேலிடத்துலேருந்து ஆர்டர் வரணும்” என்றார். ஆர்டர் வரும்வரை அந்த அறையில் வகுப்பும் நடத்த முடியாது. யு.பி.எஸ். பேட்டரி செலவாகும் சில ஆயிரம் ரூபாய்க்காகச் சில லட்சம் ரூபாய்ப் பொருள் மக்கிக்கொண்டிருந்தது. அந்த ஆசிரியரைக் குறை சொல்ல முடியுமா? சாதனத்துக்கு ஒரு தலைப்பில் பணம் ஒதுக்கியவர்கள் பராமரிப்புக்கு ஒரு தலைப்பை உண்டாக்கவில்லை. வாங்கினால் திறப்பு விழா உண்டு, போட்டோ உண்டு. பேட்டரி மாற்றியதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

இயந்திரம் கெட்டால்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். நன்றாக ஓடும் இயந்திரமும் ஒரு நாள் அநாதையாகும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் கை விரித்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல். அதாவது, ஓட்டை கண்டுபிடித்தால் அடைத்துக் கொடுக்கும் இலவசச் சேவை நின்றது. புதிய விண்டோஸ் போடலாம் என்றால் பழைய இயந்திரங்கள் பல அதை ஏற்காது. ஆக, கம்பெனி ஒரு தேதியைக் குறித்தால், இங்கே அரசு அலுவலகத்தில் நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டர் குப்பையாக வேண்டும்! பூட்டு நம்முடையது, சாவி அவனுடையது. அடைக்காத ஓட்டை என்ன செய்யும் என்பதை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. ‘வானாக்ரை’ என்ற நச்சு நிரல் புகுந்து பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் மட்டும் 19,000க்கும் மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் ரத்தாயின என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறை கணக்கிட்டது. ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்களும் அதில் மாட்டின.

இதற்கு மாற்றே இல்லையா? பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடங்களில் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆசிரியர்களும் அரசு வல்லுநர்களும் சேர்ந்து தங்கள் பாடத்துக்கு ஏற்றபடி அதைத் திருத்தி அமைத்துக்கொள்கிறார்கள். லைசென்ஸ் காசு இல்லை என்பதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: எப்போது மாற்றுவது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். 2018இல் தொடங்கி 45,000 வகுப்பறைகளுக்குக் கருவி வாங்கியபோது, ஐந்து வருட வாரண்டியையும், புகார் கொடுத்துக் குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாள் கணக்கில் அபராதத்தையும் டெண்டரிலேயே எழுதினார்கள். நம்மவர்களுக்கும் இது தெரியாததல்ல. 2006 முதல் 2008 வரை எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். லினக்ஸுக்கு மாறும் முயற்சியை இங்கே முன்னின்று நடத்தினார். அதிகாரி மாறினார், முயற்சி வேகம் இழந்தது. ஒரு மனிதரின் ஆர்வமாக இருந்த ஒன்றை விதியாக எழுதி வைக்காததால் வந்த இழப்பு அது. மத்திய அரசு 2015இல் அப்படி ஒரு விதியை எழுதியே வைத்தது: எந்த டெண்டரிலும் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை, தவிர்த்தால் காரணம் காட்ட வேண்டும் என்று. எத்தனை டெண்டர்களில் அந்தக் காரணத்தைப் பார்க்க முடிகிறது?

சொத்து என்றால் கண்ணுக்குத் தெரியும் பெட்டி மட்டுமல்ல. அதில் ஏற்றிய பதிவுகள் பெட்டியைவிட விலை உயர்ந்தவை. இந்த இடத்தில் நம் சமுதாயத்துக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் போக முடியாது. வக்ஃப் வாரியங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2009 டிசம்பரில் தொடங்கியது. ‘வம்சி’ என்ற தளத்தில் பல வருடம் உட்கார்ந்து ஏற்றினார்கள். அசையாச் சொத்துகள் 8.72 லட்சம் என்ற கணக்கே அதிலிருந்து வந்ததுதான். 2025 மே மாதம் அந்தத் தளம் மூடப்பட்டது. ஜூன் 6இல் ‘உமீத்’ என்ற புதிய தளம் திறக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுங்கள் என்றார்கள்.

திருத்தச் சட்டத்தைப் பற்றி நாம் ஏற்கனவே நிறையப் பேசியாகிவிட்டது. இங்கே கேட்பது வேறு. அரசாங்கத்தின் பணத்தில், அரசாங்கத்தின் தளத்தில், பதினைந்து வருடம் சேர்த்த பதிவு அங்கேயே இருக்கிறதே! அதை அப்படியே புதிய தளத்துக்கு மாற்றிவிட்டு, விட்டுப்போனதையும் தவறானதையும் மட்டும் கேட்டிருந்தால் ஆகாதா? கிராமத்து முத்தவல்லி, கம்ப்யூட்டர் தெரிந்த பையனைத் தேடிப் பிடித்து, தளம் திறக்கும் நேரம் பார்த்து இரவெல்லாம் காத்திருந்தார். டிசம்பரில் கெடு முடிந்தபோது பதிவு தொடங்கியவை 5.17 லட்சம்தான்; ஒப்புதல் கிடைத்தவை 2.17 லட்சத்தைத் தொடவில்லை. புதிய முறை வாங்கும்போது பழைய முறையின் பதிவை எப்படிக் கொண்டுவருவது என்று முதல் பக்கத்திலேயே எழுதுவதுதான் நிர்வாகம். எழுதாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் மக்கள் தலையில் விழுகிறது. இன்று வக்ஃபுக்கு நடந்தது நாளை பட்டாவுக்கு நடக்கலாம், ரேஷன் அட்டைக்கு நடக்கலாம்.

பழையதைக் கழிப்பதிலும் இதே அலட்சியம்தான். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பெரிய அளவில் பயன்படுத்தும் அலுவலகங்கள் தங்கள் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஏலத்தில் எடுத்த பழைய ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே யார் யாருடைய விவரமெல்லாம் கிடக்கும் என்று. மக்களின் விவரங்கள் அரசிடம் இருக்கும் அமானிதம். அதை அழிக்காமல் எடைக்குப் போடுவது அமானித மோசடி இல்லாமல் வேறென்ன? சென்னை ரிச்சி தெருவிலும் ஒவ்வொரு ஊர் பஜாரிலும் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி: பழுது நீக்கி மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் தொழிலை அந்த 2022 விதிகள் தனியாக அங்கீகரித்து, பதிவு செய்துகொள்ள வழி வைத்திருக்கின்றன. கைத்தொழில் நம்மிடம் இருக்கிறது; காகிதம் மட்டும் இல்லை. அதைப் போட்டுவிட்டால் அரசு அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் முறையாக உங்கள் பட்டறைக்கு வரலாம்.

வியாபாரச் சகோதரர்கள் டெண்டர் என்றாலே பெரிய கைகளின் ஆட்டம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பாதி உண்மைதான். மூன்று வருடத்தில் இத்தனை கோடி விற்றிருக்க வேண்டும், இன்ன மாடல்தான் வேண்டும் என்று நிபந்தனை போட்டே வேண்டாதவர்களை வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் மறுபாதியையும் பாருங்கள். மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்பது கொள்கை. 2012 ஆணையில் 20ஆக இருந்ததை 2018இல் உயர்த்தினார்கள். 2016இல் தொடங்கிய ‘ஜெம்’ என்ற அரசுச் சந்தைத் தளத்தில் சிறு வியாபாரியும் பதிவு செய்யலாம். நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்?

நிபந்தனை அநியாயமாக இருந்தால் கேள்வி கேட்கவும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடும் பாரத்நெட் திட்டத்துக்கு 2020இல் சுமார் 2,000 கோடி ரூபாய் டெண்டர் விட்டார்கள். போட்டியைச் சுருக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன என்று அறப்போர் இயக்கம் புகார் எழுப்பியது. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழுள்ள துறை ஆராய்ந்து, அந்த டெண்டரை ரத்து செய்து, நிபந்தனைகளைத் திருத்தி மறுபடி விடச் சொன்னது. புகாரை எழுதியவர்கள் அமைச்சர்களல்ல. டெண்டர் ஆவணத்தைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தவர்கள்.

படிப்பதற்கு அந்த ஆவணம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. 1998இல் தமிழ்நாடு இயற்றிய டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் விதிகளும் இதற்காகத்தான். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. அவசரம் என்று நாளைச் சுருக்கினால் காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்டு வாங்கலாம்.

எனவே நம் கிளைகளில் உள்ள இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊரின் அரசுப் பள்ளி, நகராட்சி, அரசு மருத்துவமனை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் வாங்கிய கம்ப்யூட்டர்கள் எத்தனை, அவற்றில் இன்று ஓடுபவை எத்தனை? பராமரிப்புக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒதுக்கிய தொகை எவ்வளவு? தனியாரிடம் செய்து வாங்கிய சாப்ட்வேர் இருந்தால் அதன் மூல நிரலும் அதிலுள்ள பதிவுகளும் ஒப்பந்தப்படி யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தம் முடிந்தால் அவற்றைத் திருப்பித் தரும் நிபந்தனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பழையதைக் கழித்தபோது ஹார்ட் டிஸ்கை அழித்ததற்கான சான்று எங்கே? இவ்வளவு போதும். வசை வேண்டாம், கோஷம் வேண்டாம், கேள்வி மட்டும் இருக்கட்டும்.

கட்டணம் பத்து ரூபாய். கோர்ட் பீ ஸ்டாம்பாக ஒட்டிவிடலாம். பதில் தர 30 நாள் அவகாசம். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். வந்த பதிலை, ‘விவரம் இல்லை’ என்று வந்தாலும், நகல் எடுத்து நமது அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். ஊர் ஊராக வெளியிடுகிறோம்.